பார்க்கிங் கோடு போட யாரைப் பிடிப்பது? கடை, மண்டபம், கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு

பார்க்கிங்கில் கோடு போட மூன்று பேரிடம் விலை கேட்டால், மூன்று பேரும் ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் குறைந்ததைப் பார்த்து வேலையைக் கொடுத்தால், பல இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுக்கே கோடு உரிந்துவிடுகிறது. அந்த மூன்று விலையும் ஒரே வேலைக்கானவை இல்லை. ஒருவர் கணக்கில் கோட்டின் அகலம் 10 செ.மீ., இன்னொருவர் கணக்கில் 7.5. ஒருவர் உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக்கை நினைத்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் இரண்டு கோட்டிங் பெயிண்ட்டை. "போட்டுரலாம் அண்ணாச்சி" என்று தரையைப் பார்க்காமலே போனில் விலை சொல்பவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தரையைப் பார்க்கிறாரா?

தொழில் தெரிந்தவர் டேப்பை விரிக்கும் முன் குனிந்து தரையைப் பார்ப்பார். சாவியால் கீறுவார். வெள்ளையாகப் பொடி கிளம்பினால் கான்கிரீட்டின் மேல் சிமெண்ட் பால் ஏடாகப் படிந்திருக்கிறது; அதைத் தேய்த்து எடுக்காமல் போடும் கோடு அந்த ஏட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பிறகு ஒரு கை தண்ணீர் தெளிப்பார். தண்ணீர் உள்ளே இறங்கித் தரை கறுத்தால் நல்லது. முத்து முத்தாக மேலேயே நின்றால் எண்ணெயோ, கான்கிரீட் இறுகும்போது ஈரம் போகாமல் இருக்க மேலே அடிக்கும் க்யூரிங் காம்பவுண்டோ மூடியிருக்கிறது என்று அர்த்தம். வண்டிகள் வழக்கமாக நிற்கும் இடத்தில் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் சொட்டிய தரையைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுக் கோடு போட்டால் நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் ஊற்றித் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும்.

தார்த் தரைக்குத் தெர்மோபிளாஸ்டிக் நன்றாகப் பொருந்தும். சூடாக விழும் பொருள் தாரின் மேற்பரப்பை இளக்கி அதோடு ஒன்றிவிடும். தார் வெளுத்து ஜல்லி தெரிகிற பழைய தரை என்றால் பிரைமர், அதாவது கோடு ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, வேண்டும். புதிதாகப் போட்ட தார் என்றால் சில வாரம் பொறுங்கள்; அவசரப்பட்டால் தாரின் எண்ணெய் மேலேறி வெள்ளைக் கோடு பழுப்பாகும்.

கான்கிரீட்டில் அப்படி இளகி ஒன்றுவதற்கு எதுவும் இல்லை. அங்கே கோட்டைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் பிரைமர்தான். பிரைமருக்குத் தனியாக விலை போடாத கொட்டேஷன் வந்தால், அது மொத்த விலையில் அடங்கியிருக்கிறதா, இல்லவே இல்லையா என்று கேட்டுவிடுங்கள். பிரைமர் காயும் முன் மேலே ஊற்றினால் உள்ளே அடைபட்ட ஆவி கிளம்பிக் கோடு முழுக்கப் பொத்தல் விழும். புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் கழிய வேண்டும்.

இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் தெர்மோபிளாஸ்டிக் வேண்டாம். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அசையும். ஒவ்வொரு இணைப்பிலும் கோடு வெடிக்கும். கோடு வரும் இடத்தில் உள்ள கற்களை எடுத்துவிட்டு வேறு நிறக் கல்லைப் பதிப்பதே நல்ல வழி. தனக்கு வேலை குறைந்தாலும் இதைச் சொல்லும் ஒப்பந்தக்காரரை விட்டுவிடாதீர்கள்.

திருநெல்வேலி அருகே உள்ள கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் உள்ள கிடங்குகளுக்குள் நிலைமை வேறு. ஃபோர்க்லிஃப்டின் கெட்டிச் சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பும்போது தடித்த கோட்டின் விளிம்பைப் பெயர்த்துவிடும். அங்கே தரையைக் கிரைண்ட் செய்து, தரையோடு படிந்து கெட்டியாக இறுகும் எபாக்சி அல்லது பாலியூரித்தேன் பூச்சுக் கோடு போடுவதுதான் சரி. அடித்தளப் பார்க்கிங் என்றால் ஈரத்தையும் பார்க்க வேண்டும். அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் நீர் பூத்திருந்தால் அந்த ஈரத்துக்குத் தீர்வு காணும்வரை எபாக்சியைத் தொடக்கூடாது.

மூட்டைக் கணக்கு

வேலை கொடுப்பவர்கள் கையில் இருக்க வேண்டிய கணக்கு இது. தெர்மோபிளாஸ்டிக்கின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. சாலைக்கு வழக்கமான தடிப்பு 2.5 மி.மீ. ஒரு சதுர மீட்டருக்கு 2.5 மி.மீ. தடிப்பில் போட 5 கிலோவுக்குக் குறையாமல் செல்லும். 25 கிலோ மூட்டை ஒன்று 5 சதுர மீட்டருக்கு மேல் வராது. 10 செ.மீ. அகலக் கோட்டில் அது 50 மீட்டர் நீளம்.

ஒரே வரிசையில் 40 கார் நிற்கும் இடம், ஒவ்வொன்றும் 2.5க்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடையிலும் ஓரத்திலும் சேர்த்து 41 கோடு, கோட்டுக்கு 5 மீட்டர் என்றால் 205 மீட்டர். தலைப்பில் ஓடும் நீளக் கோடு 100 மீட்டர். மொத்தம் 305 மீட்டர், அதாவது 30.5 சதுர மீட்டர். ஆறு மூட்டைக்குச் சற்று மேல் தேவை, சேதாரம் சேர்த்தால் ஏழு. ராத்திரியில் கோடு மினுங்குவதற்காக மேலே தூவும் கிளாஸ் பீட்ஸ் என்னும் கண்ணாடி மணிகள் சதுர மீட்டருக்கு 250 கிராம் வீதம் ஏறத்தாழ ஏழரைக் கிலோ. வேலை முடிந்ததும் காலி மூட்டையை எண்ணுங்கள். நாலுதான் இருக்கிறது என்றால் உங்கள் தரையில் ஒன்றரை மி.மீ. சுற்றித்தான் விழுந்திருக்கிறது. கார் மட்டும் மெதுவாக நுழைந்து நிற்கும் இடத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. தடிப்பே போதும். ஆனால் அதை முன்பே பேசி, அந்தத் தடிப்புக்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பெயிண்ட்டுக்கும் இதே முறைதான். ஒரு லிட்டர் 5 சதுர மீட்டருக்குப் பரவினால் ஈரத் தடிப்பு 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. காய்ந்தால் ஏறத்தாழ பாதி. ஒரு டின்னை எத்தனை மீட்டருக்கு இழுக்கிறார்கள் என்று நின்று பாருங்கள்.

அடுப்பும் சிலிண்டரும்

தெர்மோபிளாஸ்டிக்கைச் சுமார் 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்லரில் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்காமல், நேரில் பாருங்கள். சூடு குறைந்தால் ஒட்டாது. அதிகமானால் அதைப் பிணைத்து வைக்கும் ரெசின் கருகி வெள்ளை மங்கும். மஞ்சள் நிறப் பொருளைக் காய்ச்சிய பாய்லரைச் சுத்தம் செய்யாமல் அதிலேயே வெள்ளையைக் கொட்டினாலும் நிறம் போகும். அதனால் வெள்ளையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சிலிண்டரைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும், கூடவே தீயணைப்பான். பெட்ரோல் பங்க்கில் திறந்த தீயே கூடாது. அங்கே சூடாக்காமல் போடும் பெயிண்ட் அல்லது இரண்டு பாகம் கலந்து போடும் கோல்ட் பிளாஸ்டிக் மட்டும்தான். "ஓரமா வச்சு காய்ச்சிக்கலாம்" என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பஞ்சு, சாக்கு, தவிடு இருக்கும் கிடங்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

எப்போது போடுவது?

மாசி, பங்குனி நம் திருநெல்வேலிப் பக்கத்துக்கு நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், தரை நன்றாகக் காய்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். மண்டபக்காரர்கள் முகூர்த்தம் இல்லாத ஆடியை விரும்புவார்கள். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே நகரும்போது கிளாஸ் பீட்ஸ் கோட்டில் நிற்குமா? ஸ்ப்ரே பெயிண்ட் பக்கத்தில் நிற்கும் கார் மேல் படியும், செம்மண் புழுதி ஈரக் கோட்டில் ஒட்டும். ஆடியில்தான் முடியும் என்றால் காற்று தணிந்திருக்கும் அதிகாலையைக் கேளுங்கள், மறைப்புப் பலகை வைக்கச் சொல்லுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அப்போது சாரலும் இருக்கும். அங்கே ஆடியைத் தவிர்ப்பதே நல்லது. மார்கழியில் பனி ஈரம் காயும்வரை ஆரம்பிக்கக் கூடாது.

எழுதி வாங்க வேண்டியவை

கொட்டேஷனில் பொருள், அகலம், தடிப்பு, பிரைமர், பீட்ஸ் அளவு, தரை சுத்தம் செய்யும் முறை, பழைய கோட்டை நீக்கும் முறை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். பழைய கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கறுப்பு தேய்ந்ததும் இரண்டு கோடும் தெரியும்; சாயங்கால வெயிலில் ஓட்டுபவருக்கு எது நிஜம் என்று புரியாது. கிரைண்ட் செய்துதான் எடுக்க வேண்டும். வரைபடமும் கேளுங்கள்: நேர் செங்குத்தாக நிறுத்தும் வரிசைக்கு முன்னால் வண்டி திரும்ப 6 மீட்டராவது இருக்கிறதா, மாற்றுத்திறனாளிகளுக்கான 3.6 மீட்டர் அகல இடம் வாசலுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று அதில் பார்த்துவிடலாம். சமதளத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பாதையைக் குறுக்கே அடைக்கிற நீளக் கோட்டில் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

உத்தரவாதத்தில் "தேய்மானம்" வேறு, "உரிதல்" வேறு. தேய்வது வண்டி ஓட்டத்தைப் பொறுத்தது. உரிந்தால் அது வேலையின் குறை. உரிந்த இடத்தை இலவசமாகத் திரும்பப் போட்டுத் தருவதாக எழுதி வாங்குங்கள். பத்தில் ஒரு பங்குப் பணத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வேலை நாளில்

ஓரத்தில் ஒரு மீட்டர் மாதிரிக் கோடு போடச் சொல்லுங்கள். ஆறியதும் உளி வைத்துப் பெயர்த்துப் பாருங்கள். தார்த் துகளையும் பிடுங்கிக்கொண்டு வந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது. அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக வந்தால் தரையில் புழுதி இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே நகர விடாதீர்கள். தடிப்பைப் பார்க்க, கோடு வரும் வழியில் ஒரு தகரத் துண்டை வைத்து அதன் மேலேயே ஓட்டச் சொல்லி, பிறகு எடுத்து வெர்னியர் அளவுகோலால் அளந்து, தகரத்தின் தடிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். பீட்ஸ் பாதி புதைந்து பாதி வெளியே நிற்க வேண்டும். முழுக்க மூழ்கினால் ராத்திரியில் மினுங்காது, மேலாகக் கிடந்தால் மறுநாளே உதிர்ந்துவிடும். இருட்டியதும் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கோடு நெடுக அடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் துண்டுகளைச் சாக்பீஸால் குறித்து வைத்து, அவற்றைச் சரிசெய்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.