படத்தோட பின்னணி இசையை ஆர்கெஸ்ட்ரா நேர்ல வாசிக்க கேக்கணுமா? முதல் தடவை போறவங்களுக்கு

பிஜிஎம் விரும்பி கேக்கற நண்பர்கள் நிறைய பேர் "ஆர்கெஸ்ட்ரா கான்சர்ட்டுக்கு போலாம்னு இருக்கேன், எந்த சீட் எடுக்கட்டும்"னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதிடறேன். புக்கிங், டிரஸ் இதெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க. காது சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் தான் இதுல இருக்கும்.

முதல் வேலை: எந்த வகை நிகழ்ச்சின்னு பாருங்க

போஸ்டர்ல எல்லாமே ஒரே மாதிரி தான் இருக்கும், ஆனா உள்ள மூணு வகை இருக்கு. ஒண்ணு, முழுப் படமும் பெரிய ஸ்க்ரீன்ல ஓடும், வசனமும் சவுண்ட் எஃபெக்ட்டும் ஸ்பீக்கர்ல வரும், இசை மட்டும் ட்ராக்ல இருந்து எடுத்துட்டு அதை கீழ ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும். ரெண்டாவது, பல படங்களோட தீம்களை தொகுத்து வாசிக்கறது, படம் ஓடாது, ஓடினாலும் துண்டு துண்டா தான். மூணாவது, ஆர்கெஸ்ட்ராவோட டிரம்ஸ், கிடார், பாடகர்கள், லைட்டிங் எல்லாம் சேத்து பெரிய அரங்கத்துல பண்றது, அங்க நீங்க கேக்கறது முழுக்க ஸ்பீக்கர் சத்தம்.

சினிமா இசைன்னாலே நமக்கு பாட்டு தான் முதல்ல ஞாபகம் வரும், பாடறவங்க முன்னாடி, வாசிக்கறவங்க பின்னாடி. முதல் ரெண்டு வகைலயும் வாசிக்கறவங்க தான் எல்லாமே, அதை மனசுல வெச்சுட்டு போங்க. முதல் தடவைன்னா என் ஓட்டு ரெண்டாவது வகைக்கு. ஸ்க்ரீன்ல படம் ஓடினா கண்ணு அங்கயே போயிடும், அரை மணி நேரம் கழிச்சு பாத்தா ஆர்கெஸ்ட்ரா இருக்கறதே மறந்து படம் பாத்துட்டு இருப்பீங்க.

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேர் வாசிக்கறாங்கன்னும் பாருங்க. பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரான்னா 80ல இருந்து 100 பேர் வரைக்கும் இருப்பாங்க. சில நிகழ்ச்சிகள்ல நாலே பேர் தான், ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஆனா விளம்பரத்தைப் பாத்தா அது தெரியாது. நாலு பேர் வாசிக்கறது மட்டம்னு சொல்லல, அது வேற அனுபவம். கருவி வகை கம்மியா இருந்தா பலம் கம்மின்னும் இல்ல, 1960ல வந்த சைக்கோ படத்துக்கு இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வெச்சு தான் அந்த நடுக்கத்தை கொண்டு வந்தார்.

ரெண்டாவது வேலை: சீட் (இதை மட்டும் அவசரப்படாம படிங்க)

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது இந்த விஷயம் தான். அதே ஹால், அதே ஆர்கெஸ்ட்ரா, கீழ முன்வரிசைல உக்காந்தப்போ வயலின் மட்டும் தான் காதுல நின்னுது, மேல பால்கனில உக்காந்தப்போ ஹார்ன் (வளைஞ்ச பித்தளைக் குழல்), புல்லாங்குழல், டிம்பனி (பெரிய கிண்ணம் மாதிரி டிரம்) எல்லாம் அதது இடத்துல தெளிவா வந்துச்சு. காரணம் ரொம்ப எளிது. மேடைல தந்தி வாத்தியங்கள் முன்னாடி, ஊதற வாத்தியங்கள் அவங்களுக்குப் பின்னாடி, டிரம் வகையறா கடைசில. முன்வரிசைல இருந்து நிமிந்து பாத்தா வயலின் வாசிக்கறவங்க காலும் நாற்காலியும் தான் தெரியும், பின்னாடி இருக்கறவங்க சத்தம் நம்ம தலைக்கு மேல போயிடும். உயரமா உக்காந்தா அத்தனை பேரும் கண்ணுல படுவாங்க, கண்ணுல படறவங்க சத்தம் நேரா காதுக்கு வரும்.

அதனால என் சாய்ஸ் எப்பவுமே முதல் பால்கனியோட நடுப்பகுதி. அது கிடைக்கலன்னா கீழ நடுவுல, கொஞ்சம் பின்னாடி தள்ளி. கீழ பின் வரிசைல ஒண்ணு கவனிக்கணும், பால்கனி நம்ம தலைக்கு மேல கூரை மாதிரி நீட்டிட்டு இருந்தா மேல இருந்து எதிரொலிச்சு வர்ற சத்தம் வராது, சத்தம் பெட்டிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி ஆயிடும், படம் ஓடற நிகழ்ச்சின்னா ஸ்க்ரீனோட மேல் பாதியும் வெட்டுப்படும். சீட்டிங் மேப்ல இந்த மாதிரி சீட்டுக்கு பார்வை மறையும்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, படிச்சுட்டு புக் பண்ணுங்க.

சில ஹால்ல மேடைக்குப் பின்னாடியும் சீட் இருக்கும், விலையும் கம்மியா இருக்கும். அங்க இருந்து கண்டக்டர், அதாவது கையசைச்சு ஆர்கெஸ்ட்ராவை நடத்தறவர், முகத்தை நேருக்கு நேர் பாக்கலாம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது. ஆனா பிரெஞ்ச் ஹார்னோட வாய் பின்பக்கமா தான் திரும்பி இருக்கும், அதனால ஹார்ன் சத்தம் மத்ததை எல்லாம் அமுக்கிடும், ஸ்க்ரீன் வெச்ச நிகழ்ச்சின்னா அந்த சீட்டே வேண்டாம்.

மூணாவது வீட்டு வேலை. என்னென்ன வாசிக்கப் போறாங்கன்னு பாத்து ஒரு வாரம் முன்னாடியே கேக்க ஆரம்பிங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, டபுள் பேஸ் (அடி சத்தம் தர்ற பெரிய தந்தி வாத்தியம்) அதுல சுத்தமா வராது. என்னைக் கேட்டா ஒயர் வெச்ச சாதாரண ஹெட்போனே போதும். ஒரே தீமை மூணு தடவை கேளுங்க, முதல் தடவை மெட்டு, ரெண்டாவது தடவை அடியில ஓடற பேஸ், மூணாவது தடவை மெட்டு எந்த வாத்தியத்துல இருந்து எதுக்கு கை மாறுதுன்னு. இதை பண்ணிட்டு போனா நேர்ல யாரைப் பாக்கணும்னு கண்ணு தானா தேடும்.

அன்னைக்கு ஹால்ல

கால் மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடுங்க, லேட்டா வந்தா நிறைய இடத்துல ஒரு பகுதி முடியற வரைக்கும் உள்ள விட மாட்டாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓபோங்கற ஊதற வாத்தியம் ஒரு ஸ்வரம் நீளமா ஊதும், பொதுவா 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பால பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442 கூட வெச்சுக்குவாங்க, அதை வெச்சு தான் எல்லாரும் ஸ்ருதி சேப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்தை பேசிட்டே விட்டுடாதீங்க.

சின்ன பைனாகுலர் கண்டிப்பா எடுத்துட்டு போங்க, நாடகம் பாக்க விக்கற மூணு மடங்கு பெருக்கற கண்ணாடி பத்தாது, எட்டு மடங்கு இருக்கட்டும். டிம்பனி வாசிக்கறவரைப் பாருங்க, மத்தவங்க வாசிச்சுட்டு இருக்கறப்பவே அவர் தலையை டிரம் மேல குனிஞ்சு, காதை தோல் கிட்ட கொண்டு போய், விரலால லேசா தட்டி, கால் பெடலை மிதிச்சு அடுத்த ஸ்ருதிக்கு ரெடி பண்ணிட்டு இருப்பார். ஹார்ப் (பெரிய யாழ் மாதிரி) வாசிக்கறவங்களுக்கு 47 தந்தி, 7 பெடல், மேல கை மென்மையா போயிட்டு இருக்கும், கீழ கால் ஓடிட்டே இருக்கும். ரெக்கார்டிங்ல இதெல்லாம் உங்களுக்கு கிடைக்கவே கிடைக்காது.

படம் ஓடற நிகழ்ச்சின்னா கண்டக்டர் முன்னாடி சின்ன மானிட்டர் இருக்கும். அதுல படத்து மேல ஒரு கலர் கோடு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நகரும், கோடு போய் சேர்ற நொடில ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்னு வரும், இசை அந்த இடத்துல சரியா விழணும். சில சமயம் காதுல க்ளிக் ட்ராக்கும், அதாவது தாளத்தை டிக் டிக்னு சொல்ற சத்தமும் ஓடும். படம் நொடிக்கு 24 ஃப்ரேம்ல ஓடிட்டே இருக்கும், யாருக்காகவும் நிக்காது. 1982ல ஈடி படத்தோட கடைசிக் காட்சிக்கு ரெக்கார்டிங் நடந்தப்போ இயக்குநர் ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்திட்டு இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸை அவர் போக்குல நடத்த சொல்லி, அப்புறம் அந்த இசைக்கு ஏத்த மாதிரி காட்சியை எடிட் பண்ணார். இப்ப அதே காட்சியை கான்சர்ட்ல வாசிக்கற கண்டக்டர் அந்த சுதந்திரமான போக்கை ஃப்ரேம் பிசகாம பிடிக்கணும், எவ்ளோ கஷ்டமான வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

முக்கியமா, எண்ட் கிரெடிட்ஸ் ஓட ஆரம்பிச்சதும் எழுந்துக்காதீங்க. வசனம், எஃபெக்ட் எதுவும் குறுக்க வராம ஆர்கெஸ்ட்ரா முழு பலத்தோட தனியா வாசிக்கற இடம் அது தான், பல படத்துல முக்கியமான தீம் எல்லாம் வரிசையா திரும்ப வர்றதும் அங்க தான்.

அப்டேட்: வசனம் சரியா கேக்கலன்னு சிலர் எழுதியிருந்தாங்க. ஆர்கெஸ்ட்ரா முழுசா வாசிக்கறப்போ அப்படி தான் இருக்கும், அதனால தான் நிறைய இடத்துல சப்டைட்டில் போடறாங்க. பாக்காத படத்துக்கு போகாதீங்க, ஏற்கனவே பாத்த படம்னா இந்த பிரச்சனையே இல்ல.

இன்னொரு அப்டேட்: பால்கனி முதல் வரிசைல கைப்பிடிக் கம்பி கண்ணை மறைக்குதுன்னு ஒருத்தர் சொன்னார், சரி தான், உயரம் கம்மியா இருக்கறவங்களும் குழந்தைங்களோட போறவங்களும் ரெண்டாவது இல்ல மூணாவது வரிசை எடுங்க. குழந்தைங்களை மூணாவது வகை நிகழ்ச்சிக்கு கூட்டிட்டு போனா சத்தத்தை குறைக்க காதை மூடற ஹெட்செட் ஒண்ணு பைல போட்டுக்கங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாட்டி விட்டுடுங்க.