எள் வெண்ணெய்: வீட்டிலேயே அரைத்து, ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து என்று கணக்குப் பார்க்கலாம்

எள் வெண்ணெய் என்றதும் பால் வெண்ணெயில் எள்ளைக் கலந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எள்ளை வறுத்து, அதன் எண்ணெயே வெளியே வந்து கூழாகும் வரை அரைத்தால் கிடைப்பதுதான் இது. தஹினி என்று விற்பதும் ஏறக்குறைய இதேதான், ஆனால் அது பெரும்பாலும் தோல் நீக்கிய எள்ளில் செய்தது. அந்தத் தோல் விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்துக் கணக்கில் வரும் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தேவையானவை: 200 கிராம் எள், அடி கனமான வாணலி, மிக்சி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சிறிய எடை மெஷின். எடை மெஷின் எதற்கு என்பது ஐந்தாவது படியில் தெரியும்.

படி 1: தோலோடா, தோல் இல்லாமலா?

எள்ளின் கால்சியத்தில் பெரும்பகுதி தோலில் இருக்கிறது. தோலோடு அரைத்த 100 கிராம் எள் வெண்ணெயில் சுமார் 960 மி.கி. கால்சியம். தோல் நீக்கியதில் இது 140-லிருந்து 430 மி.கி. வரைதான். இரும்புச்சத்தும் மெக்னீசியமும்கூடத் தோலோடு அரைத்ததில்தான் அதிகம். "பாலை விட எள்ளில் கால்சியம் அதிகம்" என்று படித்துவிட்டு, தோல் நீக்கிய விழுதை வாங்கி வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்காகத் தோலோடு அரைத்தால் 960 மி.கி.யும் உடம்பில் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. தோலில் ஆக்சலேட் என்ற பொருளும் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் காகிதத்தில் இருக்கும் எண்ணை விட உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தோலோடு அரைத்ததைத் தினமும் சாப்பிடும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு தோல் உள்ள எள்ளுக்குத்தான். லேசாகக் கசக்கும், நிறமும் மங்கலாக இருக்கும். கசப்பு பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். கருப்பு எள்ளும் நல்லதுதான். அதன் கருப்பு தோலில் இருப்பதால், கருப்பாக இருந்தாலே தோல் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

படி 2: கழுவி, கல் அரித்து, உலர்த்துவது

எள்ளில் பொடி மண் இருக்கும். இதைத் தாண்டிக் குதித்தால் வெண்ணெய் பல்லில் நறநறக்கும். அவ்வளவுதான்.

படி 3: வறுப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தீயைச் சின்னதாக வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஈரம் போய் எள் வாணலியில் ஒட்டாமல் ஓடும். அப்புறம் ஒன்றிரண்டு படபடவென்று வெடித்துத் துள்ளும். இரண்டை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். சட்டென்று பொடிந்து, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் பதம் சரி. உடனே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாயிற்றே என்று வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். முதல் தடவை நான் போனில் பேசிக்கொண்டே அப்படி விட்டு, மொத்தமும் காபித்தூள் நிறத்துக்குப் போய், குப்பையில்தான் கொட்டினேன்.

எள்ளில் செசமின், செசமோலின் என்று இரண்டு பொருள்கள் உண்டு. சூடு படும்போது செசமோலினிலிருந்து செசமால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் உருவாகிறது. நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்கு இவையெல்லாம் ஒரு காரணம்.

படி 4: அரைப்பது

முழுதாக ஆறிய பிறகு மிக்சியில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஈர மணல் மாதிரி ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் "சரியாக வரவில்லை" என்று தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விழுது இறுகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். ஊற்றுவதானால் எண்ணெய்தான். எள்நெய்தானே எண்ணெய் ஆனது! ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். ஐந்து முதல் பத்து நிமிடம், மிக்சி சூடாகாமல் இடைவெளி விட்டு ஓட்டினால், கரண்டியிலிருந்து நாடா போல வழியும்.

முழு எள்ளாகத் தின்றால் மெல்லாமல் விழுங்கியதெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். அரைத்தால் அந்த நஷ்டம் இல்லை. விழுதாக்கிச் சாப்பிடுவதன் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

படி 5: ஒரு கரண்டிக்குக் கணக்கு

எடை மெஷினில் கிண்ணத்தை வைத்து, ஒரு மேசைக்கரண்டி விழுதை எடுத்து எடை பாருங்கள். தலைதட்டி எடுத்தால் 15 கிராம் வரும். குவித்து எடுத்தால் 25-ஐத் தாண்டும். ஒரே கரண்டிதான், ஆனால் கலோரி ஒன்றரை மடங்குக்கு மேல்.

தலைதட்டிய 15 கிராமில் சுமார் 90 கலோரி, கொழுப்பு 7 முதல் 8 கிராம், புரதம் 2.5 கிராமுக்குக் கொஞ்சம் மேல், மாவுச்சத்து 3 கிராமுக்கு மேல், நார்ச்சத்து ஒரு கிராம் அளவில். கால்சியம் தோலோடு அரைத்ததில் சுமார் 145 மி.கி., தோல் நீக்கியதில் 20 முதல் 65 மி.கி. செம்பு, பாஸ்பரஸ், தையமின் எனும் பி1 ஆகியவையும் நல்ல அளவில் உண்டு. நாம் சேர்த்த எண்ணெயின் 120 கலோரியைப் பதினான்கு கரண்டிக்குப் பங்கிட்டால் கரண்டிக்கு ஒன்பதுதான் வரும், பயப்பட வேண்டாம். கொழுப்பில் ஏழில் ஒரு பங்குதான் நிறைவுற்றது. மற்றதில் பெரும்பகுதி ஒலிக் அமிலம், லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாத கொழுப்புகள். ஒமேகா-3 மட்டும் இதில் தேடாதீர்கள், பெயருக்குத்தான் இருக்கிறது.

புரதத்துக்காக மட்டும் என்றால் வேர்க்கடலை வெண்ணெய் எள்ளை முந்திவிடும். கால்சியத்தில் அது பக்கத்தில்கூட வராது.

படி 6: எதோடு சேர்ப்பது

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. எள் புரதத்தில் அவற்றில் லைசின் குறைவு, மெத்தியோனின் தாராளம். பருப்பு, கொண்டைக்கடலை வகைகளில் இது தலைகீழ். இரண்டும் ஒரே நாளில் சாப்பாட்டில் இருந்தாலே போதும், ஒரே வாயில் சேர வேண்டியதில்லை. இரும்புச்சத்து நன்றாகச் சேர எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். தேன் ஊற்றினால் ஒரு மேசைக்கரண்டிக்கு இன்னும் 60 கலோரிக்கு மேல் ஏறும், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

எள் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக வரும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல், பாக்கெட் உணவில் எள் இருந்தால் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தே ஆக வேண்டும். விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 7: எடுத்து வைப்பது

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் தாராளமாக வரும். இரண்டு நாளில் எண்ணெய் மேலே மிதக்கும். அது கெட்டுப்போனதல்ல, அதை வடித்து ஊற்றவும் கூடாது. ஊற்றிவிட்டால் அடியில் கல் போன்ற விழுதுதான் மிஞ்சும், ஐந்தாவது படியில் போட்ட கணக்கும் மாறிவிடும். காய்ந்த கரண்டியால் அடிவரை கலக்கிவிட்டு எடுங்கள்.