சிகரெட்டை விட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் சறுக்குவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர்கூட, மாலை ஏறிய நாளிலிருந்து 41 நாள் சிகரெட்டைத் தொடமாட்டார். கையில் காசு இருக்கும், தெருமுனைப் பெட்டிக்கடை அதே இடத்தில் இருக்கும், வேலை நெருக்கடியும் குறைந்திருக்காது. ஆனாலும் தொடமாட்டார். மலை இறங்கி, மாலையைக் கழற்றி, ஊர் திரும்பும் வழியில் வேன் நிற்கிற முதல் டீக்கடையில் பற்றவைத்துவிடுவார்.

நிக்கோட்டின் கிடைக்காமல் உடம்பு படும் பாடு முதல் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் அப்போதுதான். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் இவை அடங்கிவிடும். அப்படியென்றால், விரதம் முடித்தவருக்கு உடம்பு கேட்ட கணக்கு தீர்ந்துவிட்டது. கஷ்டமான பகுதியை அவர் தாண்டிவிட்டார். திரும்ப அவரை இழுத்தது, 'முடிந்தது' என்ற நினைப்பு. விடுவதற்கு ஒரு ஆயத்தம் வேண்டும். விட்ட பிறகு விட்டபடியே இருப்பதற்கு வேறொரு ஆயத்தம் வேண்டும். முதலாவதைப் பற்றி ஊரே பேசுகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளில்லை. நான் பார்த்தவரை, சறுக்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது இடத்தில்தான் நடக்கிறது.

வைராக்கியம் ஒன்றையே நம்புவது

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வருகிற வைராக்கியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடப் படித்தவன் நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான் என்றதும் சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டைக் கசக்கி எறிவோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகும்போது பையில் புதுப் பாக்கெட் இருக்கும். இதை மனபலம் இல்லாதவர்களின் குணம் என்று சொல்வது அநியாயம். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி 95 பேரும் கோழைகளா?

இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் மூளைக்குப் போக 10 முதல் 20 நொடி போதும். ஒரு சிகரெட்டில் பத்து இழுப்பு என்று வைத்தால், நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவர் தன் மூளைக்கு 200 முறை பழக்கம் சொல்லித் தருகிறார். வருடத்துக்கு 73,000 முறை. இருபது வருடம் இப்படிப் பழகிய மூளையை ஒரு சபதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்ப்பது மிகவும் கடினம்.

உதவி கேட்பதில் வெட்கம் எதற்கு? 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண் தேசிய புகையிலை நிறுத்த ஆலோசனை மையத்துடையது. தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து அந்த எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்று ஆலோசனைப் பிரிவு உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. தனியாக விடுவதுதான் ஆம்பளைத்தனம் என்ற எண்ணம் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

நிக்கோட்டின் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மெல்லுவது

மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தை வாங்கி, ரெண்டு நாள் மென்று, 'விக்கல் வருது, வயிறு எரியுது, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று ஒதுக்கிவிட்டவர்கள் ஏராளம். மருந்து சரியாகத்தான் இருக்கிறது. மென்ற விதம்தான் தப்பு.

சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அது பயன்படாது, குமட்டலையும் விக்கலையும்தான் தரும். வாயின் உட்சவ்வு வழியாக அது உடம்பில் சேர வேண்டும். அதனால் மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போல் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, இடம் மாற்றி ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ், குளிர்பானம் வேண்டாம். வாயில் புளிப்பு ஏறினால் மருந்து உறிஞ்சப்படாது.

அளவிலும் தவறு நடக்கிறது. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர் பழக்கத்தில் ஆழமாகப் போனவர். அவருக்கு 2 மில்லிகிராம் பெரும்பாலும் போதாது, 4 மில்லிகிராம் தேவைப்படும். டாக்டரிடம் கேட்க வேண்டும். 'தாங்கமுடியாதபோது மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்' என்று இருப்பதும் சரியில்லை. முதல் வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக எடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து, மூன்று மாத அளவில் நிறுத்துவதுதான் முறை. இரண்டாவது வாரம் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியவர்கள்தான் ஐந்தாவது வாரம் பெட்டிக்கடை முன்னால் நிற்கிறார்கள்.

'இதுவும் நிக்கோட்டின்தானே, கேன்சர் வராதா' என்று வீட்டில் கேட்பார்கள். புற்றுநோயைக் கொண்டுவருவது புகையில் இருக்கும் தார் முதலான நச்சுப்பொருட்கள். நிக்கோட்டின் அடிமையாக்குமே தவிர, புற்றுநோய் வருவது அதனால் இல்லை. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிகரெட்டை விட உதவும் வெரனிக்லின், புப்ரோபியான் என்று இரண்டு மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உடம்பு சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொள்வது

காபிக் கணக்கைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபினை வேகமாகக் கரைத்து வெளியேற்ற வைக்கும். சிகரெட்டை விட்ட சில நாளில் அந்த வேகம் போய்விடும். நேற்றுவரை குடித்த அதே நாலு டம்ளர் காபி, இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபினாக ரத்தத்தில் நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. 'சிகரெட் இல்லாமல் நரம்பு தளர்ந்துபோச்சு' என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் காபியை, டீயைப் பாதியாகக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மனநல சிகிச்சையில் ஓலான்சபின், குளோசபின் சாப்பிடுகிறவர்களும், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்களும் சிகரெட்டை விடப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இதே காரணத்தால் அந்த மருந்துகளின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம். சர்க்கரை நோயாளிகள் சில வாரங்களுக்கு அடிக்கடி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, கூச்சப்பட்டு யாரும் சொல்லாதது. காலையில் ஒரு தம் போட்டால்தான் வயிறு இளகும் என்று பழக்கிவைத்திருப்பவர்கள் நம்மிடையே மிக அதிகம். விட்ட முதல் வாரமே மலச்சிக்கல் வரும். மூன்றாம் நாள் வயிறு கல்லாக இருக்கும்போது, 'இதுக்கு மட்டும் காலையில ஒண்ணு' என்று ஆரம்பிப்பார். அந்த ஒன்று மதியத்துக்குள் நான்காகும். நிக்கோட்டின் குடலைத் தூண்டுவது உண்மைதான். அது இல்லாமல் வேலைசெய்யக் குடலுக்குச் சில வாரம் அவகாசம் தேவை. எழுந்ததும் வெந்நீர், கொய்யா, கீரை, காலை நடை. தேவைப்பட்டால் மருந்துக்கடையில் இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள் கிடைக்கும். சிகரெட்டை விடும் தேதிக்கு முன்பே இதை வாங்கி வையுங்கள்.

வாய்ப்புண் வரலாம். இருமல் சில நாள் அதிகமாகலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலைசெய்து சளியை வெளியே தள்ளுகின்றன. 'விட்டதாலதான் நோய் வந்துச்சு' என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, அது வேறு விஷயம்; உடனே டாக்டரிடம் போங்கள்.

எடை முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடும். அதற்குப் பயந்து அதே மாதம் கடும் பட்டினியும் தொடங்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு போர் தேவையில்லை.

ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது

சிகரெட்டை விட்டு பீடிக்கு மாறுகிறவர், ஹான்ஸ், கூல் லிப் என்று உதட்டுக்குள் ஒதுக்குகிறவர், 'லைட்' சிகரெட்டுக்குத் தாவுகிறவர் மூவருமே எதையும் விடவில்லை. லைட் என்று பெயர் போட்டதை அவர் இன்னும் ஆழமாக, அடிக்கடி இழுப்பார். மூளை தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பீடி அடிக்கடி அணைவதால் அதிகமாக இழுக்க வேண்டும். புகையிலையை வாயில் வைத்தால் வாய்ப்புற்று. இ-சிகரெட் விற்பனை 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கள்ளத்தனமாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

'நாளைக்கு ஒண்ணுதான்' என்பதும் இந்த வகைதான். 20 பிடிப்பவரோடு ஒப்பிட்டால் ஆபத்து இருபதில் ஒரு பங்காகத்தான் இருக்கும் என்று தோன்றும். நுரையீரல் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். இதயத்துக்குப் பொருந்தாது. நாளைக்கு ஒரு சிகரெட்டே, 20 சிகரெட்டால் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் பாதியைக் கொண்டுவந்துவிடுகிறது என்று 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

மூன்றாம் மாதத்தின் சோதனைகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எட்டு, பத்து வாரம் ஆகியிருக்கும். மூச்சு நன்றாக இருக்கும், சாப்பாட்டில் ருசி தெரியும், வீட்டில் மரியாதை கூடியிருக்கும். அப்போதுதான் ஓர் எண்ணம் வரும்: 'கட்டுப்பாடு வந்துடுச்சு. வேணும்னா ஒண்ணு அடிச்சு நிறுத்திக்கலாம்.' சகித்துக்கொண்டிருந்த நாட்களில் இல்லாத ஆபத்து, நலமாக இருக்கும் நாட்களில் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. தன்னைச் சோதித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

இடங்களும் தெரிந்தவைதான். கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பழைய வகுப்புத் தோழர்கள் சந்திப்பு, இரவுப் பேருந்து நிற்கும் மோட்டல், சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக டாஸ்மாக். இரண்டு ரவுண்டு உள்ளே போன பிறகு, முன்பு எடுத்த முடிவு எதுவும் நினைவில் நிற்காது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் முதல் மூன்று மாதமாவது அதையும் ஒத்திவைக்காமல் சிகரெட்டை மட்டும் விடப்பார்ப்பது மிகப் பெரிய தவறு.

இன்னொன்று, நம் ஊரில் சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பத்து எட்டு வைத்தால் கடை, அங்கே லைட்டரும் கயிற்றில் தொங்கும். வழக்கமான கடைக்காரரிடம் போய், "அண்ணே, நான் விட்டுட்டேன். இனிமே கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மதித்து நடப்பார்கள். டீயை நின்றபடி குடித்தால் கை சிகரெட்டைத் தேடும். சில மாதம் வேறு கடையில் உட்கார்ந்து குடியுங்கள். நண்பர்களிடம் 'குறைச்சுக்கிட்டு இருக்கேன்' என்று சொன்னால் ஒன்று நீட்டுவார்கள். 'விட்டுட்டேன்' என்று சொன்னால் பெரும்பாலும் நீட்டமாட்டார்கள்.

ஆசை எழும்பும்போது அது பெருகிக்கொண்டே போகும் என்று தோன்றும். போகாது. சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு போன் பேச்சு, தெருக்கோடி வரை ஒரு நடை, இவ்வளவு நேரம் தள்ளினால் போதும்.

சறுக்கிய அன்று செய்யும் தவறு

ஒன்று பிடித்துவிட்டீர்கள். 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று ஒரு பாக்கெட் வாங்குவதுதான் உண்மையான கேடு. அந்த ஒரு சிகரெட் செய்யாத சேதத்தை இந்த விரக்தி செய்துவிடும். கையில் மிச்சம் இருந்தால் அப்போதே நசுக்கிப் போடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து, தையிலிருந்து, பிறந்தநாளிலிருந்து என்று நாள் பார்க்காமல், அதே நாளில் தொடருங்கள். எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் இருந்தபோது நடந்தது என்று ஒரு வரி எழுதிவைத்து, அந்த இடத்துக்கு ஒரு வழி யோசியுங்கள். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்றவர்கள்தான்.

'வயசு ஆகிப்போச்சு, இனிமே விட்டு என்ன' என்பவர்களுக்கு: பிரிட்டனில் மருத்துவர்களை 1951-லிருந்து 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழு 2004-ல் சொன்ன கணக்கு இது. விடாமல் பிடிப்பவரைவிட, 30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய 10 வருட ஆயுள் கூடுகிறது, 40-ல் 9, 50-ல் 6, 60 வயதில் விட்டவருக்கும் 3.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். அப்போது, "இதுக்கு நீங்க தம்மே அடிச்சுத் தொலைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கோபத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் உண்டு. வாயை ஊதச் சொல்லி முகர்வது, சட்டையை மோந்து பார்ப்பது, பிள்ளைகளை வேவு பார்க்க அனுப்புவது எல்லாம் ஒளிந்து பிடிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். ஒளித்தவர் சறுக்கினாலும் சொல்லமாட்டார். சொல்லாதவருக்கு உதவவும் முடியாது.

முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள், பாராட்டுவார்கள். மூன்றாம் மாதத்தில் வீடு அதை மறந்திருக்கும். அப்போது, "இந்த வாரம் எங்கயாவது கஷ்டமா இருந்துச்சாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் கல்யாணம், காரியம், ஊர்ப்பயணம் எதுவும் இருக்கிறதா என்று இருவருமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.