மோர்ஸ் பயிற்சிச் செயலியை லப்டொப்பில் ஓடவைப்பது எப்படி?

புள்ளியும் கோடுமாய் எழுத்துகளை ஒலிக்கும் மோர்ஸைப் பழக, போனுக்கென்று வந்த செயலியைக் கணினியில் ஓட்ட ஒரு எமுலேட்டர் வேண்டும், அதாவது கணினிக்குள் ஒரு போனைப் போல இயங்கும் மென்பொருள். விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் புளூஸ்டாக்ஸ் 5 போதும். விண்டோஸ் 11இல் அன்ட்ரொய்ட் செயலிகளை நேரடியாகவே போடலாம் என்று சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்து மினக்கெட வேண்டாம். அந்த வசதியை மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

தரவிறக்க முன்னம் லப்டொப்பைப் பாருங்கள். குறைந்தது 4 ஜிபி ரேமும் 5 ஜிபி இடமும் வேண்டும். 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோர்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்குங்கள். வேர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் வசதி) என்பதற்கு எதிரே டிஸேபிள்ட் என்று கிடந்தால் எமுலேட்டர் ஊரும், அல்லது திறக்கவே மாட்டாது. கைமாறி வந்த பழைய லப்டொப் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். மீள இயக்கும்போது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி, விண்டோஸ் தொடங்க முன்னம் வரும் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய் அதை இயக்கலாம். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று பெயர் இருக்கும்.

புளூஸ்டாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். முதலில் வருவது சின்னக் கோப்பு. அதைத் திறந்த பிறகுதான் பெரிய பகுதி இறங்கும். சிக்னல் விட்டுவிட்டு வரும் உள்ளூர்களில், இரவு டேட்டா உள்ள பக்கேஜில் படுக்கப் போகும்போது போட்டுவிடுவதே புத்தி. பிறகு கூகுள் கணக்கால் பிளே ஸ்டோருக்குள் போய், மோர்ஸ் மேனியா போன்ற ஒன்றை நிறுவுங்கள்.

இனித்தான் உண்மையான சிக்கல்: தட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிசெக்கன், கோடு 180. புளூடூத் ஹெட்செட்டின் தாமதம் மட்டுமே ஒரு புள்ளியை விழுங்கிவிடும். அனுப்பிப் பழக வயர் உள்ள ஹெட்செட்டே வேண்டும். கரண்ட் போய் லப்டொப் பற்றரிக்கு மாறியதும் ஒலி கரகரக்கிறதா? விண்டோஸ் மின்சேமிப்புக்குப் போயிருக்கும். பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபோர்மன்ஸ் ஆக்குங்கள். ஒலியின் சுருதியை 600 முதல் 700 ஹேர்ட்ஸுக்குள் வையுங்கள்.

கேட்டுப் பழகுவதற்குத் தாமதம் பொருட்டில்லை. எழுத்தை 20 சொல் வேகத்தில் விட்டு, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் நீட்டி 8 சொல்லுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு எழுத்தில் தொடங்கி ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பழகும் கொக் முறையின் வழமையான வரிசை கே, எம், யு, ஆர், இ, எஸ், என், ஏ, பி (P), டி (T), எல் என்று போகும். 100க்கு 90 சரிவராமல் அடுத்த எழுத்தைத் தொடாதீர்கள். முதல் எட்டு எழுத்திலேயே மன்னார், முருங்கன் என்ற ஊர்ப்பெயர்கள் இரண்டையும் ஆங்கில எழுத்தில் கேட்டு எழுதலாம். எல் சேர்ந்ததும் மாங்குளம் வந்துவிடும். சொந்தச் சொற்களைச் சேர்க்கவிடும் செயலி என்றால் இவற்றைக் கீபோட்டால் தட்டிப் போடுங்கள். கிளிநொச்சிக்குப் பொறுக்கவேண்டும், சி வரிசையின் வால்பக்கம் கிடக்கிறது. 4, 7 இரண்டும் அதற்குப் பக்கத்தில்தான். இலங்கை அமெச்சூர் வானொலிக்காரரின் அழைப்புக் குறி தொடங்கும் 4எஸ்7க்கு அவை தேவை.

அனுப்பிப் பழக, புளூஸ்டாக்ஸின் கேம் கொன்ட்ரோல்ஸில் டப் ஸ்பொட்டை இழுத்துச் செயலியின் கீ (திரையில் தட்டும் பொத்தான்) மேல் விட்டு, ஸ்பேஸ் பாரைக் கொடுத்துச் சேமியுங்கள். ரிபீட்டட் டப்பைத் தெரிவுசெய்தால் கோடு நீளாது, புள்ளிகளாய்க் கொட்டும். தாமதம் ஒரே அளவாய் இருந்தால் செயலி சரியாகவே படிக்கும், காதுதான் தடுமாறும். அது கூடிக்குறைந்தால் புள்ளி கோடாகிவிடும். ஆகவே கணினியில் 8 சொல்லுக்கு மேல் அனுப்ப அவசரப்படவேண்டாம். அந்த வேகத்தில் புள்ளிக்கே 150 மில்லிசெக்கன் கிடைக்கிறது.

உண்மையான மோர்ஸ் கீ (கையால் தட்டும் சுவிட்ச்) இருந்தால் பழைய யுஎஸ்பி மௌஸ் ஒன்று போதும். மௌஸின் வயரைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டுத் திறந்து, இடது பொத்தானின் சுவிட்சில் அழுத்தும்போது மட்டும் தொடர்பு வரும் இரண்டு கால்களை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து இரண்டு வயரைக் கீயின் முனைகளுக்கு ஈயம் ஒட்டிக் கொண்டுபோங்கள். மௌஸின் அடிக்கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடினால் அம்புக்குறி அசையாது. மற்ற மௌஸால் அம்புக்குறியைச் செயலியின் கீ மேல் நிறுத்தித் தட்டத் தொடங்கலாம். ஒரு கோடு இரண்டாய் உடைந்து வந்தால் கீயின் தொடுமுனையில் அழுக்கு. வெள்ளைத் தாள் துண்டொன்றை இடையில் வைத்து மெல்ல அழுத்தி இழுத்தால் போய்விடும்.