எஃபிகேஷஸ்: ஆளுக்கு ஒட்டாத சொல்

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது எங்கள் பெடியள் சிலர் 'ஐ ஆம் அன் எஃபிகேஷஸ் ரீச்சர்' என்று போட்டுவிடுகிறார்கள். எஃபெக்டிவ் என்பது சாதாரணமாகத் தெரிகிறதாம், இது கொஞ்சம் எடுப்பாக இருக்கிறதாம். அகராதியைப் பார்த்தால் 'பயன் தரக்கூடிய' என்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் மருந்து, சிகிச்சை, ஏதாவது ஒரு வழிமுறை இவற்றோடுதான் சேரும். ஆசிரியரை அப்படிச் சொன்னால், காய்ச்சலுக்கு மூன்று வேளை கொடுக்கலாம் போல இருக்கும். ஆளுக்கு எஃபெக்டிவ் போதும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'கே'யில் விழ வேண்டும். அதன் பெயர்ச்சொல்லான எஃபிகசியில் அழுத்தம் முதல் எழுத்துக்குப் போய்விடும்.

இந்த எஃபிகசியைக் கொரோனாக் காலத்தில் எல்லாரும் கேட்டோம். 2020இல் ஃபைசர் தடுப்பூசிக்கு 95 வீதம் என்றார்கள். ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்றே பலர் விளங்கிக்கொண்டார்கள். அது பிழை. பரிசோதனையில் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், உண்மை ஊசி போட்டவர்களிடம் நோய் 95 வீதம் குறைந்தது என்பதுதான் கணக்கு. பிறகு ஊருக்குள் சாதாரண சனங்களுக்குப் போட்டு அளக்கும் பலனை எஃபெக்டிவ்னஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல, மருத்துவம் படிக்கப்போகிறவர்கள் இதைக் கலக்கவே கூடாது.

எஃபிஷியன்டைக் கொண்டுவந்து எஃபெக்டிவ் இருக்கவேண்டிய இடத்தில் போடுவது அடுத்த பிழை. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதித் தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. மோட்டர் போட்டு வாய்க்காலால் பாய்ச்சினாலும் வெங்காயம் விளையும், ஆகவே அது எஃபெக்டிவ். அதே விளைச்சலைச் சொட்டு நீரில், குறைந்த தண்ணீரோடும் குறைந்த மின்சாரத்தோடும் எடுத்தால் அது எஃபிஷியன்ட். காரியம் முடிந்ததா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வீணானது என்பது வேறு கேள்வி.

அப்புறம், 'காய்ச்சலுக்கு நல்லது' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'எஃபெக்டிவ் டு ஃபீவர்' என்று எழுதாதீர்கள். நோய்க்கும் கிருமிக்கும் 'அகெய்ன்ஸ்ட்' வரும். எதையாவது குறைப்பதில் பலன் என்றால் 'இன்' வரும்.

அலுவலகச் சுற்றறிக்கையில் 'எஃபெக்டிவ் ஃப்ரம்' என்று ஒரு திகதி இருந்தால், அங்கே பலனைப் பற்றிய பேச்சே இல்லை. அன்றிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, அவ்வளவுதான். எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த இடத்திலும் எஃபிகேஷஸைப் போட முடியாது.