உயிரெழுத்தே இல்லாத ஆங்கிலச் சொல்லா? ‘கும்’மின் வேரைத் தேடிப் பார்க்கலாம்

எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் எதிராளி சி, டபிள்யூ, எம் என்று மூன்று கட்டைகளை வைத்து 10 புள்ளி கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போய் மூக்குடைபட்டவன். பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸின் மொழியிலிருந்து ஆங்கில அகராதிக்குள் வந்த சொல் அது. அதை வைத்தே, வேர் தேடுவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வாயால் சொல்லுங்கள்
வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும். ஒலி நம் ‘உ’. ஆக, ‘கும்’. கும்மியின் முன்பாதி, அவ்வளவுதான்.

படி 2: இரு மொழியிலும் பொருளைத் தனித்தனியே குறியுங்கள்
இங்கே அவசரம் கூடாது. வேல்ஸ்காரருக்குக் கும் என்றால் பொதுவாகப் பள்ளத்தாக்கு. ஆங்கிலத்தில், அதிலும் புவியியலில், பொருள் சுருங்கிவிடும்: பனியாறு மலையைக் குடைந்து விட்டுப்போன குழிவு. முறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. வட வேல்ஸின் கும் இட்வல் அப்படித்தான், அடியில் ஒரு ஏரியோடு. 1831இல் அங்கே போன டார்வின் பாறைகளில் புதைபடிவம் தேடினார். பனி விட்டுப்போன தடயங்கள் கண்ணில் படவே இல்லை. 1842இல் திரும்பப் போனபோதுதான் புரிந்தது.

படி 3: சொந்தபந்தத்தை விசாரியுங்கள்
இங்கிலாந்தின் டெவனில் சால்கோம், இல்ஃப்ரகோம் என்று ஊர்கள். அந்தக் ‘கோம்’ இதன் உறவுதான். ஆங்கிலேயர் வருமுன் அங்கிருந்த பழைய பிரித்தானியர் மொழியில் ‘கும்ப்’ போல ஒலித்த சொல்லை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். வேல்ஸ் மொழியில் கடைசி ‘ப்’ உதிர்ந்தது. ஆங்கிலத்தில் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒலிப்பதில்லை.

படி 4: முகச்சாயலை நம்பாதீர்கள்
ஹை விக்கம் என்ற ஊரின் எழுத்திலும் அதே ‘கோம்’ இருக்கிறது. ஆனால் பெயராய்வாளர்கள் பொதுவாக அதைக் குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லோடுதான் சேர்க்கிறார்கள். பழைய ஆவணத்தில் ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

படி 5: சொல் எங்கெல்லாம் போனது?
எவரெஸ்ட் வரைக்கும்! வேல்ஸ் மலைகளில் ஏறிப் பழகிய ஜார்ஜ் மாலரி, 1921 ஆய்வுப் பயணத்தில் எவரெஸ்ட், லோட்சே, நுப்ட்சே என்ற மூன்று சிகரங்களுக்கும் நடுவே கிடந்த பள்ளத்துக்கு ‘வெஸ்டர்ன் கும்’ என்று பெயர் வைத்தார். மறுபடியும் அதே முறம். வெயில் நாளில் மூன்று பக்கப் பனிச்சுவரும் ஒளியைத் திருப்பியடித்து, ஏறுபவர்களை வாட்டி எடுத்துவிடும். அங்கிருந்து இறங்கும் பனியாற்றின் பெயர் கும்பு. ‘ஆகா, வேர் கிடைத்தது’ என்று துள்ளினீர்களா? படி 4க்குத் திரும்பிப் போங்கள்.