அருகில் இருந்த புள்ளி தொலைவில் போன கதை

மூன்று நாட்கள் வீணாயின. அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளைக் கேடி மரத்தில் (அருகிலுள்ள புள்ளியை விரைவாகத் தேட உதவும் தரவுக் கட்டமைப்பு) ஏற்றி அருகிலுள்ளதைத் தேடினால், சிலவற்றுக்கு மட்டும் தவறான விடை. நிரல் நூலகத்தைச் சந்தேகித்துப் பதிப்பை மாற்றினேன். மரத்தின் கடைக்கிளை ஒன்றில் எத்தனை புள்ளிகள் என்பதைக் குறிக்கும் இலை அளவை 10இலிருந்து 40 ஆக்கினேன். (அது வேகத்தைத்தான் மாற்றும், விடையை அல்ல. அப்போது உறைக்கவில்லை.) மரமே இல்லாமல் எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்: அதே தவறான விடை! ஆக, மரம் நிரபராதி.

தவறியவை பெரும்பாலும் 180 பாகைக் கோட்டருகே இருந்தன. 179.9க்கும் -179.9க்கும் இடைவெளி 0.2 பாகைதான், பாகைகளை வெறும் சமதள எண்களாகக் கழித்த என் கணக்கில் அது 359.8. போதாக்குறைக்கு, 60 பாகை அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் நீளம் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான்.

பாகைகளை ரேடியனாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ஓரலகுக் கோளத்தின்மேல் (ஆரம் 1) முப்பரிமாண ஆயங்களாக மாற்றி, மரத்தை மீண்டும் கட்டினேன். இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடான நாண் நீண்டால், கோளப் பரப்பில் அவற்றின் குறுகிய தூரமான சிறுவில்லும் நீளும். எனவே எது அருகில், எது தொலைவில் என்ற வரிசை குலையாது. எல்லா விடைகளும் சரியாக வந்தன. அப்பாடா!